கண்ணாடிக்குப் பின்னால் பேசக் கூடாது

பாப்பா கல்லூரியில் எழுத்தைப் பாடமாக எடுத்த நாளிலிருந்து, அவள் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். மிக்ஸி வாங்க வந்த டாக்டரிடம் கேட்டார். அடுப்புக்குக் குழாய் மாற்ற வந்த இன்சூரன்ஸ்காரரிடம் கேட்டார்.

"எழுதறதுன்னு ஒரு படிப்பாம் சார். படிச்சு முடிச்சா எந்தக் கடையில உக்கார வைப்பாங்க?"

டாக்டர் யோசித்துவிட்டு, தன் எழுத்தை மருந்துக்கடைக்காரரைத் தவிர யாரும் படித்ததில்லை, இதில் தான் கருத்துச் சொல்வது முறையாகாது என்றார். இன்சூரன்ஸ்காரர், எதற்கும் பெண் பெயரில் ஒரு பாலிசி எடுத்துவைக்கச் சொன்னார்.

அப்பாவுக்குக் கடைத்தெருவில் சமையலறைச் சாமான் கடை. அடுப்பு, மிக்ஸி, குக்கர், கத்தி, கரண்டி எல்லாம் உண்டு. அடுத்த தெருவில் இரண்டாவது கடை தயாராகிக்கொண்டிருந்தது. பெயிண்ட் காய்ந்துவிட்டது. ஷட்டர் வந்துவிட்டது. கல்லாவுக்குப் பின்னால் போட ஒரு சுழல் நாற்காலி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வந்து நின்றது. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் வீட்டு விவகாரம். அப்பா மனசுக்குள் பாப்பாவை அதில் உட்காரவைத்து, உயரம்கூடச் சரி பார்த்துவிட்டார்.

பாப்பாவுக்குக் கடை பிடிக்காது என்று சொல்ல முடியாது. கடையிலேயே வளர்ந்தவள். நடக்கப் பழகுமுன் குக்கர் மூடியைக் கவிழ்த்து அதில் உட்காரப் பழகியவள். ஆனால் அவளுக்கு ஒரு வாக்கியத்தை எடுத்து, தேவையில்லாததைக் கழற்றி, மிச்சத்தை முறுக்கி நிறுத்துவதில் ஒரு கிறுக்கு இருந்தது. அந்தக் கிறுக்குக்கு யாராவது சம்பளம் தருவார்களா என்று பார்த்துவிட வேண்டும், பார்க்காமல் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தால் ஆயுசுக்கும் உறுத்தும் என்று தோன்றியது.

ஆகவே பேரம் நடந்தது. கடைசிப் பரீட்சைக்குப் பிறகு ஐந்து இடங்களில் வேலைக்கு முயன்று பார்ப்பேன் என்றாள் பாப்பா. ஒன்று என்றார் அப்பா. நான்கு என்றாள். ஒன்று என்றார், கொஞ்சம் இரக்கமான குரலில். அப்படியானால் வேண்டாம், நாளைக்கே கல்லாவில் உட்காருகிறேன், ஆனால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்காருவேன், வருகிற கிராக்கியெல்லாம் எதிர்க்கடைக்குப் போகும் என்றாள். அப்பா மகளை ஒரு கணம் பெருமையோடு பார்த்துவிட்டு இரண்டுக்கு இறங்கினார். இரண்டிலும் கிடைக்கவில்லையென்றால் சிரித்த முகமாகக் கல்லா. கிடைத்துவிட்டால் அப்பா வாயைத் திறக்கக் கூடாது.

அம்மா அடுக்களையிலிருந்து, "அந்த நாற்காலில நான் ஒரு தரம் உக்காந்து பாத்தேன். நல்லாத்தான் சுத்துது" என்றாள். பேரம் மும்முரத்தில் இருந்ததால் யாரும் காதில் வாங்கவில்லை.

முதல் வாய்ப்பு ஒரே காலையில் வீணானது. விளம்பர நிறுவனம் ஒன்றில் அவள் கையில் ஒரு தலையணையைக் கொடுத்து, இதைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னார்கள். பாப்பா தலையணையை அமுக்கிப் பார்த்தாள். தையலைப் பிரித்துப் பார்த்தாள். இதே பஞ்சு பக்கத்துத் தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்குகிறவர் அதைக் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். அவர்கள் தலையணையைத் திரும்ப வாங்கிக்கொண்டு கதவைக் காட்டினார்கள்.

இரண்டாவது வாய்ப்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் அவள் துறையில், எழுதிப் பிழைக்கிறவர்களை அழைத்து வரிசையாக மேசை போட்டு உட்காரவைத்தார்கள். மாணவர்கள் மேசை மேசையாகப் போய் விசாரிக்கலாம்.

பாப்பா சந்தைக்கு வந்தவள் மாதிரி முதலில் எதையும் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒரு மேசையில் கணினி விளையாட்டுக்கு வசனம் எழுதுகிறவர். குண்டடிபட்டு விழுகிறவர்கள் கடைசியாக முனகுவது மட்டும்தான் அவர் பொறுப்பு. பிழைத்து எழுகிறவர்களுக்கு வேறு ஆள் இருக்கிறாராம். இன்னொரு மேசையில், பெரிய மனிதர்களுக்கு மேடைப்பேச்சு எழுதித் தருகிறவர். யாருக்கு எழுதுகிறீர்கள் என்றால் சிரித்தார், என்ன எழுதினீர்கள் என்றாலும் சிரித்தார். லிஃப்டுக்குள் கேட்கும் அறிவிப்புகளை எழுதும் ஓர் அம்மா, 'கதவு மூடுகிறது' என்பதற்கு இரண்டு மாதம் கூட்டம் போட்டார்கள் என்று கண்கலங்கச் சொன்னார். தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுகிறவர், கேட்கிற கலை தெரிந்தால் எந்த நாட்டிலும் பட்டினி கிடக்க மாட்டாய் என்றார். அதை அப்பாவே சொல்வார் என்று நினைத்துக்கொண்டு பாப்பா நகர்ந்தாள்.

கடைசி மேசையில் கூட்டமே இல்லை. காரணம், உட்கார நாற்காலி இல்லை. நாற்காலியின் பாகங்கள் ஓர் அட்டைப்பெட்டியில் கிடந்தன. மேலே ஒரு தாள். மேசைக்குப் பின்னால் நரைத்த கிராப்பும் பெரிய கைக்கடிகாரமுமாக ஓர் அம்மா உட்கார்ந்து, வருகிறவர்கள் பெட்டியைப் பார்த்ததும் ஓடுவதை ரசித்துக்கொண்டிருந்தார். வீட்டுச் சாமான்களைப் பாகங்களாக விற்கும் ஒரு நிறுவனத்தில், அவற்றை ஒன்றுசேர்த்துப் பூட்டும் விதத்தை எழுதும் கையேட்டுப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. பாப்பா தாளைப் படித்து, நாற்காலியைப் பூட்டி, அதில் உட்கார்ந்து, மூன்றாவது வரி தப்பு என்றாள்.

"தெரியும். வேணும்னுதான் வெச்சிருக்கேன்" என்றார் கையேட்டு மேடம். "சாயாம உக்காரு. வேலைக்கு ஒரு ஆள் எடுக்கறோம். வர்றியா?"

நிறுவனத்துக்குப் போகிற அன்று அப்பாவே கடை வேனில் அழைத்துப் போனார். பெண்ணை அனுப்புகிற இடம், கட்டடம் எப்படி, வாசல் எப்படி, வந்து போகிற ஆட்கள் எப்படி என்று ஒரு பார்வை பார்த்துவிட வேண்டாமா என்றார். உள்மனதில், அவள் வெளியே வரும்போது முகம் வாடியிருந்தால் அப்படியே புதுக் கடைக்கு வண்டியைத் திருப்பலாம் என்ற கணக்கும் இருந்தது. வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, அதன் கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, உள்ளே என்ன மரம் என்று வரவேற்பறைப் பெண்ணை விசாரிக்க ஆரம்பித்தார்.

உள்ளே போட்டிக்கு வந்திருந்தது இரண்டே பேர். ஒருத்தி பாப்பா. இன்னொருவன் அவள் வகுப்பிலேயே படித்த உவமை. எதையும் எதைப்போலவாவது சொல்லாமல் அவனால் இருக்க முடியாது. அதனால் அந்தப் பெயர். நல்ல பையன். கேண்டீன் டீயைப் பற்றி அவன் சொன்னதை வைத்தே கேண்டீனில் டீத்தூளை மாற்றினார்கள்.

மேடம் இருவருக்கும் ஆளுக்கொரு செருப்பு அலமாரியைக் கொடுத்தார். இடுப்பளவு உயரப் பெட்டி. பின்பலகையும் முன்கதவும் தொழிற்சாலையிலேயே பூட்டி வந்துவிடும். மேல்பக்கம் மட்டும் திறந்திருக்கும், அதன் பலகையைக் கடைசியில் வைத்துத் திருக வேண்டும். உள்ளே இரண்டு தட்டுகள். பக்கப் பலகைகளில் இருக்கும் துளைகளில் மரமுளைகளைச் செருகி, அவற்றின்மேல் தட்டுகளைச் சரிவாக உட்காரவைக்க வேண்டும். சரிவு பின்பக்கம் தாழ்ந்திருந்தால்தான் செருப்பு உள்ளே சாய்ந்து நிற்கும். வேலை இவ்வளவுதான். இதை ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும். படம் கிடையாது. எழுதிய பிறகு, அலமாரியை முன்பின் பார்த்திராத ஒருவர் அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு பூட்டுவார். எழுதியவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்க்கலாம். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் அது வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. பேச்சு மட்டும் ஒரு ஸ்பீக்கர் வழியாக இந்தப் பக்கம் கேட்கும்.

"பார்க்கலாம், பேசக் கூடாது" என்றார் மேடம். "கண்ணாடியைத் தட்டக் கூடாது, இருமிக் காட்டக் கூடாது. வாயைத் தொறந்தா வேலை இல்ல. நாளைக்கு நீங்களும் பெட்டிக்குள்ள மடங்கி வீட்டுக்கு வீடு போயி, 'அண்ணே, அந்தத் திருகு அங்க இல்ல'ன்னு சொல்ல முடியாதில்ல?"

பாப்பா தனி அறையில் அலமாரியைப் பிரித்து இரண்டு தரம் பூட்டிப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தாள். கடையில் நின்ற அனுபவம் கைகொடுத்தது. வாங்குகிறவர் எதையும் படிக்க மாட்டார், கை துறுதுறுக்கும், முதலில் தப்பைத்தான் செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் எதிரே ஆள் நிற்பது மாதிரியே எழுதினாள். 'இந்த இடத்தில் திருகை இறுக்கத் தோன்றும். வேண்டாம், பொறுங்கள்.' 'ஒரு முளை மிச்சம் இருக்கிறதா? தொலைந்தால் இருக்கட்டும் என்று நாங்கள்தான் போட்டோம்.' 'உங்கள் பக்கத்து முளைகள் கீழ்த்துளையில். எதிர்ப்பக்கத்து முளைகள் மேல்துளையில்.' படித்துப் பார்த்தபோது, தேவையில்லாத சொல் ஒன்றுகூட இல்லை என்று திருப்தியாக இருந்தது. தேவையான ஒன்று இல்லை என்பது யாருக்கு அப்போது தோன்றும்?

முதலில் உவமையின் தாள் போனது. பூட்ட வந்தவர் ஒரு வங்கி ஊழியர். உவமை, 'இந்த அலமாரி ஒரு வீடு என்றால், தட்டுகளே அதன் மூச்சு' என்று தொடங்கியிருந்தான். வங்கி ஊழியர் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதில் மூச்சு எது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, அழகாக இருக்கிறது, வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவியிடம் காட்டலாமா என்று கேட்டார். அலமாரி கேட்கவில்லை, தாளைத்தான் கேட்டார். உவமைக்குத் தன் கதை முடிந்தது என்பது புரிந்தாலும், அந்த ஒரு கேள்வியில் முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்தது பாப்பாவின் தாள். பூட்ட வர வேண்டியவர் வரவில்லை. மேடம் போனில் வரவேற்பறையிடம், யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் அனுப்பு, பூட்டியதை அவரே வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று சொல், என்றார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே அப்பா உள்ளே வந்தார். கூடவே அழைத்துவந்த பெண்ணிடம், ரெண்டு பூட்டினால் ரெண்டும் தருவீர்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

பாப்பா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். வாய் தானாகத் திறந்தது. மேடம் திரும்பாமலே விரலை உயர்த்தினார். பாப்பா வாயை மூடி உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து எந்தக் கையேட்டையும் படிக்காத மனிதர் அவர். கடையில் பெட்டி பிரித்ததும் கையேட்டை மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அண்டை கொடுப்பார்.

ஆனால் இது வேறு ஒருத்தர் இடம், இலவசச் சாமான். அப்பா தாளைக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். படித்ததும் வழக்கம்போலத் தாளோடு பேசத் தொடங்கினார்.

"இறுக்க வேணாமா? சரி, இறுக்கல." கொஞ்ச நேரம் கழித்து, "மிச்சம் ஒண்ணு இருக்கேன்னு இப்பத்தான் நெனச்சேன். அதுக்குள்ள சொல்லிட்டான் பாரு." தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்தார். "எழுதினவன் வெவரமானவன். கடையில நின்னவனா இருக்கணும்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பாப்பாவுக்குக் காது சிவந்தது. அப்பா அவளைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை நேரில் சொன்னதில்லை. வியாபாரி வீட்டில் நல்ல சரக்கைப் பாராட்டினால் விலை ஏறிவிடும்.

அவர் ஒரு முளையைக்கூடத் தவறவிடவில்லை. தட்டுகள் இரண்டும் சரிவாக, அழகாக உட்கார்ந்தன. மேல்பலகையை வைத்துத் திருகினார். தாளில் சொன்னபடி தன் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்து, கதவை மூடித் திறந்தார். செருப்பு அசையாமல் நின்றது. மேடம் கடிகாரத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இந்த அறையில் இதுவரை யாரும் இவ்வளவு சுலபமாகப் பூட்டியதில்லை என்றார். பாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, வேலை உனக்குத்தான் என்றார்.

பாப்பாவின் கை மேடத்தின் கையில் இருந்தது. கண் கண்ணாடியில் இருந்தது. அந்தப் பக்கம் அப்பா அலமாரிக்குப் பின்னால் நின்று, அதன் தலைக்கு மேல் கையை நீட்டி, முன்பக்கக் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு பாப்பாவைப் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கடையில் சரக்கின் முகம் எப்போதும் வாங்குகிறவரைப் பார்க்க வேண்டும். விற்கிறவர் அதன் முதுகுப் பக்கம். அப்பா அடுப்புக்குப் பின்னால் நின்று, கையை மேலே நீட்டி, குமிழைப் பார்க்காமலே பற்றவைத்துக் காட்டுவார். பாப்பாவும் அப்படியே பழகினாள். இன்றைக்கும் வீட்டில் அவள் அடுப்பைப் பற்றவைத்தால் வலதுக்குப் பதில் இடதுதான் எரியும். அம்மா, "இது கடை இல்லம்மா, இந்தப் பக்கம் வா" என்பாள். அலமாரியையும் அவள் பின்னால் நின்று, மேலிருந்து கையை விட்டுத்தான் பூட்டினாள். பின்னால் நிற்கிறவளுக்கு 'உங்கள் பக்கம்' என்றால் பின்பக்கம். முளை கீழே போகும், சரிவு சரியாக வரும். எங்கே நிற்க வேண்டும் என்று எழுதவில்லை. மூச்சு விடுங்கள் என்று எழுதுவார்களா? அவள் குடும்பத்துக்கு அது அப்படி.

உலகத்தில் மற்ற எல்லோரும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு முன்னால் உட்காருவார்கள். அவர்கள் பக்கத்து முளை கீழே போகும். தட்டு வெளியே பார்த்துச் சரியும்.

ஒன்றும் சொல்லாமல் இருந்தால் வேலை இருக்கிறது. அச்சுக்குப் போகும்முன் தாளைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். சொன்னால் இரண்டாவது வாய்ப்பும் போய்விடும். சாயங்காலமே பிளாஸ்டிக் உறையைப் பிரித்துச் சுழல் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான், அதுவும் சிரித்த முகத்தோடு. கடை வளர்ப்பு இரண்டு பக்கமும் இழுத்தது. ஒரு பக்கம், படிந்த பேரத்தைக் கலைக்காதே என்றது. இன்னொரு பக்கம், ஓட்டைக் குக்கரைத் தெரிந்தே ஒருவர் தலையில் கட்டினால் அவர் நாளைக்கு வாசலில் வந்து நிற்பார் என்றது.

"மேடம், இப்ப நான் பேசலாமா?"

"பேசு."

"அவரு எங்கப்பா. அவரால பூட்ட முடிஞ்சதுக்குக் காரணம் என் தாள் இல்ல. நாங்க ரெண்டு பேரும் ஒரே கடைல வளந்தோம், அவ்வளவுதான். வேற யாரையாவது பூட்டச் சொல்லுங்க. செருப்பு காலுக்கு வந்துடும்."

மேடம் அவளையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் ஏன் பின்னால் போய் நிற்கிறார் என்று தனக்கும் ஒரு கணம் தோன்றியது, சிலர் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன் என்றார். பிறகு நடைவழியில் டீ குடித்துக்கொண்டிருந்த உவமையைக் கூப்பிட்டு, புதுப் பெட்டியையும் பாப்பாவின் தாளையும் கொடுத்து உள்ளே அனுப்பினார். அவனும் தனி அறையில் அலமாரியோடு மல்லுக்கு நின்றவன்தான். ஆனால் மூச்சு, வீடு என்று எழுதிக்கொண்டிருந்ததில் தட்டு எந்தப் பக்கம் சரிந்தது என்பது அவன் நினைவிலேயே இல்லை. அப்பாவை இந்தப் பக்கம் அழைத்துவந்தார்கள்.

அப்பா மகளைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கையிலிருந்த துணியைப் பார்த்தார். அவள் உவமையின் மூச்சுத் தாளில் தொடங்கிச் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். தாள் அவளுடையது என்றதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கிடைத்த வேலையை அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள் என்றதும் அது அணைந்தது. உட்காருங்கள், ஆனால் பேசக் கூடாது என்றார் மேடம். அப்பாவுக்கு அதற்கு முன் அப்படி ஒரு நிபந்தனையை யாரும் போட்டதில்லை.

உவமை எல்லோரும் செய்வதைத்தான் செய்தான். கதவைத் திறந்துவைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். 'உங்கள் பக்கம்' என்று படித்துவிட்டுத் தன் பக்கத்துக் கீழ்த்துளையில் முளையைச் செருகப் போனான்.

"பின்னாடி போப்பா" என்று அப்பா முணுமுணுத்தார். மேடத்தின் விரல் உயர்ந்தது. அப்பா கைத்துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

உவமை முடித்துவிட்டுத் தன் ஷூக்களை உள்ளே வைத்தான். கதவை மூடினான். பெருமையோடு திறந்தான். ஷூக்கள் இரண்டும் வழுக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் விழுந்தன. அவன் கோபப்படவில்லை. "பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க மாதிரி" என்றான்.

பாப்பா எழுந்து பையை எடுத்தாள். தோற்றால் தோற்றதுதான், கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அழுகை வரவில்லை. சிரித்த முகத்தைத்தான் இப்போதிலிருந்தே பழக வேண்டும் என்று தோன்றியது.

அப்பா வாயிலிருந்து துணியை எடுத்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். சரக்கு கெட்டுப்போச்சா? இல்ல. ஒரு வரி கொறையுது. ஒரே ஒரு வரி. எங்க கடைல புது மிக்ஸில மூடி கொறைஞ்சா மிக்ஸியவா தூக்கிப் போடறோம்? மூடியக் கொண்டான்னு சொல்லுவோம். அந்தப் பையன் தாளையும் படிச்சீங்க, இவ தாளையும் படிச்சீங்க. அவன் தாள வெச்சு எத்தன பெட்டி பூட்டினாலும் மூச்சு கெடைக்காது. இதுல செருப்பு மட்டுந்தான் விழுது."

"அதுவும் பெரிய விஷயந்தான் சார்" என்றார் மேடம்.

"பெரிய விஷயந்தான். யாரு சொன்னா அத? நீங்க கண்டுபிடிச்சீங்களா? கைகுலுக்கி முடிச்ச பெறகு அவளே சொல்லுறா. எந்த வியாபாரி சொல்லுவான்? நான் சொல்ல மாட்டேன்." அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேரத்தில் அவர் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார் என்று கடைத்தெருவுக்கே தெரியும். "அந்த ஒரு வரிய இப்பவே எழுதட்டும். வெளில உக்காந்திருக்கே, அந்தப் பொண்ண வரச் சொல்லுங்க. அது பூட்டட்டும். நின்னா இவளுக்கு வேல. விழுந்தா நாங்க கெளம்பறோம், எனக்குக் குடுத்த அலமாரியக்கூட வெச்சிட்டுப் போறேன்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் கண் அந்த அலமாரியைத் தேடியது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாப்பா பக்கம் பேனாவை நகர்த்தினார்.

பாப்பா நின்றபடியே யோசித்தாள். பின்னால் நில்லுங்கள் என்று எழுதி உலகத்தைத் தன் பக்கம் இழுப்பது ஒரு வழி. உலகம் வராது. அவள்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே எழுதினாள்: 'கதவு உங்களைப் பார்க்கும்படி வைத்து, அதன் எதிரே உட்காருங்கள்.' கீழே முளைகளின் இடத்தை மாற்றினாள். தாளைக் கொடுத்துவிட்டு, யாரும் சொல்லாமலே உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள்.

வரவேற்பறைப் பெண் வந்தாள். பெட்டியைத் திருப்பி, எதிரே உட்கார்ந்து, போன் மணி அடித்தால் பதில் சொல்லிக்கொண்டே பூட்டினாள். குதிகால் உயர்ந்த தன் செருப்பை உள்ளே வைத்தாள். கதவை மூடினாள், திறந்தாள். சந்தேகம் வந்து இன்னொரு தரம் மூடித் திறந்தாள். அலமாரியை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

செருப்பு நின்றது.

ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்றார் மேடம். அப்பா மூன்று மாதம் என்று தொடங்கினார். பாப்பா அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்துவிட்டாள். உவமை வாசலில் நின்று, வங்கி ஊழியர் தன் மகள் பிறந்த நாளுக்கு நான்கு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் என்று மலர்ச்சியோடு சொன்னான். வாழ்த்து அட்டை எழுதுகிறவர்களுக்கும் கல்லூரியில் அன்று ஒரு மேசை இருந்ததே, அதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று இருவருக்கும் தோன்றியது.

வேனின் பின்னால் அலமாரியைக் கட்டிவிட்டு அப்பா வண்டியைக் கிளப்பினார். இரண்டு தெரு தாண்டி சிக்னலில் நின்றதும், என்ன காரியம் செய்தோம் என்பது அவருக்குப் புரிந்தது. கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா பேசினீங்க?" என்றாள் பாப்பா. "சும்மா இருந்திருந்தா நான் கல்லாவுக்கு வந்திருப்பேனே."

"நல்ல சரக்க வெச்சுக்கிட்டு ஒருத்தி பேரத்த விட்டுட்டு எந்திரிச்சுப் போறா. பாத்துக்கிட்டு உக்கார முடியுமா?" என்றார் அப்பா. பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். "என் நாற்காலிய நானே வித்துட்டேன்."

அந்த நாற்காலிப் பிரச்சினை ஒரு சாப்பாட்டு நேரத்தில் தீர்ந்தது. யாரை உட்காரவைப்பது என்று அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே புலம்ப, அது நன்றாகச் சுழல்கிறது என்று தான் முன்பே சொன்னதாக அம்மா நினைவுபடுத்தினாள். அப்பா பிசைவதை நிறுத்தினார். பாப்பாவும் நிறுத்தினாள். இத்தனை நாள் இருவரும் அடுக்களையின் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று தெரியவில்லை.

புதுக் கடை திறந்தபோது செருப்பு அலமாரி வாசலில் நின்றது. சில வாரங்களில் அச்சான கையேடு வந்தது. அப்பா அதை மேசைக் காலுக்குக் கொடுக்கவில்லை; வருகிற கிராக்கியிடம் முதல் வரியைப் படித்துக் காட்டினார். ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது தனக்கே படித்துக்கொண்டார். என்ன தோன்றியதோ, கல்லாவைச் சுற்றி வந்து, பழைய கடையிலிருந்து கொண்டுவந்த, இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்கள் மட்டுமே உட்கார்ந்த ஸ்டூலில் தானும் உட்கார்ந்து பார்த்தார்.

அங்கிருந்து பார்த்தால் கீழ்த்தட்டுக் குக்கர்கள் கண்ணில் படவே இல்லை. விலைச்சீட்டுகள் எல்லாம் தலைகீழாகத் தெரிந்தன. ஃபேன் காற்று கல்லாவுக்குப் போனது, ஸ்டூலுக்கு வரவில்லை.

சுழல் நாற்காலி ஒரு சுற்றுச் சுற்றி அவர் எதிரே வந்து நின்றது.

"வாங்க" என்றாள் அம்மா. "என்ன பாக்கறீங்க?"

"எல்லாத்தையும் மாத்தி அடுக்கணும்" என்றார் அப்பா.

"வாங்கறதா இருந்தா பேசுங்க" என்றாள் அம்மா. "கடையில கொற சொல்லிட்டு வெலைய எறக்கற வேலையெல்லாம் இங்க நடக்காது."